பழைய பெட்ரோல் காரில் வேக்குவம் லீக்: வீட்டிலேயே கண்டுபிடிக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிற வண்டி, காரணமே தெரியாமல் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிற வண்டி, எத்தனை தடவை கார்புரேட்டரைக் கழுவினாலும் பத்து நாளில் பழையபடி ஆகிவிடுகிற வண்டி. இப்படி ஒன்று உங்கள் வீட்டில் நின்றால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 1994 மாருதி 800. அதனால் உதாரணங்களில் அது அதிகம் வரும். ஆம்னி, பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். கார்புரேட்டருக்குப் பதில் கணினி சொல்படி பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டிக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

வேக்குவம் லீக் என்றால் என்ன? மெக்கானிக் "ஏர் இழுக்குது" என்கிறாரே, அதுவா?

அதேதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் கார்புரேட்டரின் த்ராட்டில் தட்டு, ஐடிலிங்கில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். எஞ்சின் இழுக்கிறது, காற்று வர வழியில்லை. அதனால் த்ராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள மேனிஃபோல்டில் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். அந்த உறிஞ்சும் சக்தியைத்தான் வேக்குவம் என்கிறோம்.

இதைச் சும்மா விடுவானேன் என்று பிரேக் பூஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டர், எஞ்சின் உள்புகையை இழுக்கும் பி.சி.வி. வால்வு, ஏசி போட்டதும் ஐடிலிங்கைத் தூக்கும் டயாஃப்ரம் எல்லாவற்றுக்கும் மேனிஃபோல்டிலிருந்து ரப்பர் ஹோஸ் போட்டு இணைத்திருக்கிறார்கள். அந்த ஹோஸ்களில் ஒன்று வெடித்தாலும், மேனிஃபோல்டு இணைப்பில் காற்றுப் புகாமல் வைத்த பேக்கிங் விட்டாலும், அந்த வழியே வெளிக்காற்று உள்ளே போகும். கார்புரேட்டர் வழியாக வரும் காற்று தன் பங்கு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டு வரும். இந்தத் திருட்டுக் காற்று வெறுங்கையோடு வரும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்பது சரியான கலவை. காற்று அதற்கு மேல் போகப்போக எரிவது தடுமாறும்.

ஒரு சின்ன ஓட்டை இவ்வளவு தொல்லை தருமா?

தரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 800இன் எஞ்சின் 796 சி.சி. நிமிடத்துக்கு 900 சுற்று ஐடிலிங்கில் அது இழுக்கும் காற்று தோராயமாக 110 முதல் 120 லிட்டர். நல்ல வேக்குவம் இருக்கும்போது 3 மி.மீ. விட்டமுள்ள ஓர் ஓட்டை நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை உள்ளே விட்டுவிடும். எஞ்சினுக்குத் தேவையான காற்றில் ஏறக்குறைய பாதி!

அதே வண்டி நெடுஞ்சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது ஆயிரம் லிட்டருக்கு மேல் இழுக்கிறது. த்ராட்டில் திறந்திருப்பதால் அப்போது வேக்குவமும் அநேகமாக இருக்காது. ஓட்டை இருப்பதே தெரியாது. "பைபாஸில் சூப்பராப் போகுது, ஊருக்குள்ளதான் படுத்துது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

என்னென்ன அறிகுறி? எனக்கு லீக்தானா என்று எப்படித் தெரியும்?

ஐடிலிங் ஒரே சீராக நிற்காது. ஏறி இறங்கும், அல்லது ஸ்க்ரூவை எவ்வளவு குறைத்தாலும் அதிகமாகவே இருக்கும், அல்லது ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி ஆஃப் ஆகும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு விக்கல் வரும். கார்புரேட்டர் வாய் வழியாக அவ்வப்போது "டப்" என்று வெடிக்கும். பானெட்டைத் திறந்தால் "ஸ்ஸ்" என்ற சத்தம் கேட்கலாம். 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டியில் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போகிறது. கியர் லீவரே ஆடும்.

இரண்டு எளிய சோதனைகள் உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது) மெல்ல, கொஞ்சமே கொஞ்சம் இழுங்கள். சரியான கலவையில் ஓடும் எஞ்சின் சோக் இழுத்தால் கனத்துத் திணறும். மாறாக நிதானமாகி நன்றாக ஓடினால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம்.

இரண்டாவது சோதனை ஏற்கெனவே உங்கள் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கலாம். கார்புரேட்டர் வண்டியின் புகைச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவாகவும் ஹைட்ரோகார்பன் வழக்கத்தைவிட அதிகமாகவும் இருந்தால், கலவை மெலிந்து சரியாக எரியாமல் பெட்ரோல் அப்படியே வெளியே போகிறது. பாஸ் போட்டிருப்பார்கள். ஆனாலும் அந்த இரண்டு எண்கள் சேர்ந்து வருவது லீக்கின் சாயல்.

கார்புரேட்டரை இரண்டு தடவை சர்வீஸ் செய்தும் போகவில்லை. ஏன்?

எனக்கும் இதேதான் நடந்தது. ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழுவினார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது. இன்னொரு பட்டறையில் ரிப்பேர் கிட் போட்டு, கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவையும் ஐடில் ஸ்க்ரூவையும் திருப்பிச் சரிபண்ணிக் கொடுத்தார்கள். மூன்று வாரம். அப்புறம் பழையபடி. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து ஒவ்வொரு ஹோஸாக விரலால் தடவிப் பார்த்தபோது கிடைத்தது: மேனிஃபோல்டில் பயன்படாத ஒரு முனையை மூடியிருந்த சின்ன ரப்பர் மூடி. மேலே பார்க்க முழுசாக இருந்தது, அடிப்பக்கம் பிளந்திருந்தது.

ஸ்க்ரூவைத் திருப்பினால் தற்காலிகமாகச் சரியாவதற்குக் காரணம் உண்டு. பெட்ரோலைக் கூட்டி, திருட்டுக் காற்றுக்கு ஈடுகட்டுகிறோம். ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிதானதும் அந்தக் கணக்கு போதாது. ஆகவே தயவுசெய்து லீக்கைத் தேடி முடிக்கும்வரை எந்த ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் முழுக்க மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்துக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுங்கள்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் என்ன கவனிக்க வேண்டும்?

எஞ்சினை ஓடவிட்டுத்தான் பாதி சோதனைகள். எனவே மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். தோளில் துண்டு, துப்பட்டா, தொளதொள சட்டைக்கை எதுவும் வேண்டாம். 800இல் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது, எதிர்பாராத நேரத்தில் சுற்றத் தொடங்கும். தீயணைப்பான் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். புகைபிடிப்பவர் யாரும் அருகில் நிற்கக் கூடாது.

சாமான் என்று பார்த்தால் ஒரு டார்ச், சின்னக் கண்ணாடி, மீன்தொட்டிக் காற்றுக்குழாய் ஒரு மீட்டர், மூக்குப் பிளையர், பழைய துணி, தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில், மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மி.லி. சிரிஞ்சு. இவ்வளவு போதும். முடிந்தால் ஒரு வேக்குவம் கேஜ்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கண்ணாலும் விரலாலும். மேனிஃபோல்டிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் கிளம்பும் ஒவ்வொரு ஹோஸையும் கடைசிவரை தொடர்ந்து போங்கள். ஒரு தாளில் படம் வரைந்துகொண்டே போனால் பின்னால் மாற்றி மாட்டும் தவறு வராது. செல்போனில் நாலு படமும் எடுத்துவையுங்கள்.

ஹோஸ் நடுவில் வெடிப்பது அபூர்வம். முனையில், குழாய்மேல் ஏறி விரிந்திருக்கும் அந்த ஒரு செ.மீ. இடத்தில்தான் வெடிக்கும். அதை லேசாக வளைத்துப் பாருங்கள். கருவேலங்காய் ஓடு மாதிரி விறைத்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பி.சி.வி. ஹோஸ் வேறு விதம். அது எண்ணெய் ஊறி ஊறி மெத்தென்று ஆகி, எஞ்சின் இழுக்கும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும் அல்லது வளைவில் கிழியும். பி.சி.வி. வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே "கடகட" என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் சிக்கியிருக்கிறது. திறந்தபடி சிக்கினால் அதுவே ஒரு லீக்.

வாங்கும்போதே பல கைகள் மாறி வந்த வண்டியென்றால் எங்கும் இணையாமல் தொங்கும் முனைகளைத் தேடுங்கள். ஸ்க்ரூவைச் செருகி அடைத்திருப்பார்கள், நூல் சுற்றியிருப்பார்கள், சில சமயம் அடைக்காமலேயே விட்டிருப்பார்கள்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்து?

எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலிங்கில் விட்டு, ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்குங்கள். மூக்குப் பிளையரின் வாயில் துணி சுற்றிக்கொண்டு, ஹோஸ் மேனிஃபோல்டில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து அழுத்துங்கள். பூஸ்டர் ஹோஸை நசுக்கியதும் ஐடிலிங் மாறினால் லீக் அந்தப் பக்கம்தான்: ஹோஸிலோ பூஸ்டரிலோ. பி.சி.வி. ஹோஸ் மட்டும் விதிவிலக்கு. அது இயல்பாகவே கொஞ்சம் காற்றைக் கொண்டுவருவது, நசுக்கினால் ஐடிலிங் சிறிது குறையத்தான் செய்யும். விறைத்துப்போன ஹோஸை நசுக்கினால் அங்கேயே உடையும். உடைந்தால் வருந்த வேண்டாம், அது எப்படியும் போக வேண்டியதே.

இதைவிட உறுதியான வழி, எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடிவிடுவது. எஞ்சினை நிறுத்தி, மேனிஃபோல்டில் உள்ள ஒவ்வொரு முனையிலும் ஹோஸைக் கழற்றிவிட்டு ரப்பர் மூடி போடுங்கள். மூடி கிடைக்காவிட்டால் முனையில் ஒரு துண்டு ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையில் பொருத்தமான போல்ட்டைச் செருகுங்கள். ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஐடிலிங் சீரானால் குற்றவாளி ஹோஸ்களில் ஒன்று. ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே வந்தால், எதை மாட்டும்போது கெடுகிறதோ அதுதான். எதையும் மாட்டாமலேயே கெட்டிருந்தால் பிரச்சினை பேக்கிங்கிலோ கார்புரேட்டரிலோ இருக்கிறது. நான் பெரிதும் நம்புவது இந்த முறையைத்தான். பொறுமை வேண்டும், ஆனால் பதில் சந்தேகமில்லாமல் கிடைக்கும். ஒன்று மட்டும்: பூஸ்டர் ஹோஸ் கழன்ற நிலையில் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள். பிரேக் கல்லாக இருக்கும்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். மீன்தொட்டிக் குழாயின் ஒரு முனையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, மறுமுனையைப் பேக்கிங் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். லீக் உள்ள இடத்துக்கு மேலே வந்ததும் "ஸ்ஸ்" சத்தம் சட்டென்று கூடும். இரும்புக் கம்பி வைத்துக் கேட்காதீர்கள், டேப்பெட் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். அதிகாலையில், தெரு அடங்கியிருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும்.

கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

முதலில் தண்ணீர். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை எடுத்து, மேனிஃபோல்டு பேக்கிங், கார்புரேட்டர் அடி, ஹோஸ் முனைகள் என்று ஒவ்வோர் இடமாகக் கொஞ்சம் தெளியுங்கள். லீக் இருந்தால் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு ஒரு விநாடி ஓட்டையை அடைக்கும். "ஸ்ஸ்" சத்தம் மாறும், ஐடிலிங் ஒரு துள்ளு துள்ளும். பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மேல் படாமல் பாருங்கள். அவை நனைந்தால் வரும் மிஸ்ஸிங்கை லீக் என்று நினைத்துவிடுவீர்கள். சோப்புத் தண்ணீரில் முட்டை வருமா என்று கேட்பவர்கள் உண்டு. டியூப் பஞ்சர் பார்ப்பது போல இங்கே முட்டை வராது, ஏனென்றால் காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது.

கார்ப் கிளீனர் தண்ணீரைவிடத் தெளிவாகக் காட்டும் என்பது உண்மை. அது எரிபொருள் போல உள்ளே போய் மெலிந்த கலவையைச் சரிசெய்வதால் எஞ்சின் வேகம் ஏறும். ஆனால் அது தீப்பற்றும் பொருள். அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றுக்குமேல் ஒன்றாக இருக்கின்றன. அங்கே நான் அடிக்கவே மாட்டேன். மற்ற வண்டிகளில் அடித்தால் மெல்லிய ஸ்ட்ரா வைத்து, சொட்டு அளவில், சூடான பாகங்களுக்கு எட்டாமல்.

சமையல் கேஸ் குழாயை நீட்டிப் பார்ப்பதும், ஊதுபத்தியைக் கொளுத்திக் காட்டுவதும் சில இடங்களில் நடக்கிறது. இரண்டும் கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி நிற்கும் இடத்தில் நெருப்பையும் கேஸையும் கொண்டுபோவது எந்த லீக்கைவிடவும் பெரிய ஆபத்து.

வேக்குவம் கேஜ் வாங்கினால் பயன் உண்டா?

நிச்சயமாக. பூஸ்டர் ஹோஸில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு இணையுங்கள். கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும், மி.மீ. கணக்கில் சுமார் 430 முதல் 530. முள் அசையாமல் நிற்க வேண்டும். அசையாமலே 12, 14 என்று தாழ்ந்து நின்றால் லீக் இருக்கலாம், இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி வரும் நேரம்) பின்தங்கியும் இருக்கலாம். ஒரே தாளத்தில் "டிக், டிக்" என்று விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஒரு சிலிண்டருக்குப் பக்கத்தில் மட்டும் பேக்கிங் விட்டிருக்கிறது.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். சென்னையில் 18 காட்டும் அதே வண்டி 7,300 அடிக்கு மேல் உள்ள ஊட்டியில் 11 பக்கம்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

பிரேக் பூஸ்டர் லீக் ஆகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பானெட்டுக்குள், பிரேக் ஆயில் டப்பாவுக்குப் பின்னால் கறுப்பாக வட்டச் சட்டி போல இருந்தால் அதுதான் பூஸ்டர். எல்லாப் பழைய வண்டியிலும் இருக்காது.

எஞ்சின் ஆஃப். பெடலை ஐந்தாறு முறை மிதித்து இறுக்கமாக்குங்கள். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் வேக்குவம் வந்து சேரவில்லை. அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் மிதி மெத்தென்று இறங்கி, அடுத்தடுத்த மிதிகள் இறுகிக்கொண்டே வந்தால் நல்லது. முதல் மிதியே கல்லாக இருந்தால் பூஸ்டரோ அதன் ஹோஸ் வழியில் உள்ள ஒருவழி வால்வோ வேக்குவத்தைப் பிடித்துவைக்கவில்லை. அந்த வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்க்கலாம். பூஸ்டர் பக்கத்திலிருந்து எஞ்சின் பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கமாகப் போகக் கூடாது.

பெடலை மிதிக்கும்போது மட்டும் ஐடிலிங் தடுமாறி, காலடியில் தொடர்ந்து "ஸ்ஸ்" கேட்டால் பூஸ்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இது பிரேக் சம்பந்தப்பட்டது. வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் அந்தச் சின்னச் சட்டி?

வேக்குவம் அட்வான்ஸ். வேக்குவத்தைக் கொண்டு பிளக்கில் பொறி வரும் நேரத்தை முன்னே தள்ளுவது. சிரிஞ்சு இங்கேதான் உதவுகிறது. அதன் ஹோஸைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, சிரிஞ்சு மூக்கில் மாட்டி, பிஸ்டனை இழுத்துப் பிடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்திருந்தால் உள்ளே தட்டு நகர்வது தெரியும். இழுத்த நிலையில் தட்டு அப்படியே நிற்க வேண்டும். மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. ஏசி ஐடில் டயாஃப்ரத்துக்கும் இதே சோதனைதான்.

கார்புரேட்டரிலேயே காற்று புகுமா?

புகும், இரண்டு இடத்தில். ஒன்று அடிப்பகுதி. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே சூடு ஏறாமலிருக்க ஒரு தடித்த கட்டையும் இரண்டு பேக்கிங்கும் இருக்கும். "லூஸா இருக்கு" என்று ஒவ்வொருவரும் முறுக்கி முறுக்கி, கார்புரேட்டரின் அலுமினிய விளிம்பு இரு ஓரமும் கீழே வளைந்து நடுவில் தூக்கிக்கொள்ளும். கழற்றி, ஓர் இரும்பு ஸ்கேலை அதன்மேல் நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் வளைவு. சமமான கண்ணாடித் துண்டின்மேல் எமரி தாளை விரித்து எட்டுப் போடுவது போலத் தேய்த்துச் சரிசெய்யலாம். துளைகளுக்குள் தூள் போகாமல் அடைத்துக்கொண்டு, பிறகு நன்றாகக் கழுவுங்கள்.

இன்னொன்று த்ராட்டில் தண்டு. பல வருடம் ஆடி ஆடித் துளை தேய்ந்துவிடும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் அங்கே தண்ணீர் ஒரு சொட்டு விட்டு ஐடிலிங் மாறுகிறதா என்று பாருங்கள். இதற்கு வீட்டில் தீர்வு இல்லை. நல்ல லேத்துக்காரர் புஷ் போட்டுத் தருவார். எந்த ரிப்பேர் கிட்டும் இதைச் சரிசெய்யாது. கார்புரேட்டர் சர்வீஸ் பலிக்காததற்கு இது ஒரு பெரிய காரணம்.

அம்பாசடர்க்காரர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. பழைய 1489 சி.சி. எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே காற்று வாசல்கள். 1, 2 பிளக்குகள் இரண்டும் வெளுத்து, 3, 4 பழுப்பாக இருந்தால் முன்பக்க வாசலின் பேக்கிங்கைப் பாருங்கள். அங்கே காற்று மேனிஃபோல்டையும் சைலன்சர் மேனிஃபோல்டையும் ஒரே பெரிய வாஷர் சேர்த்து அழுத்துகிறது. ஒன்றின் விளிம்பு மற்றதைவிடத் தடித்திருந்தால், எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் மெலிந்த பக்கம் இறுகாது.

காலையில் மட்டும் படுத்துகிறது, சூடானதும் சரியாகிறது. அதுவும் லீக்தானா?

இருக்கலாம். விறைத்த ரப்பர் சூட்டில் இளகி ஓட்டையை மூடிக்கொள்ளும், உலோகமும் விரிந்து பேக்கிங் இடுக்கை அடைக்கும். அப்படிப்பட்ட வண்டியைச் சூடாக்கித் தேடினால் கிடைக்காது. காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே தண்ணீர் பாட்டிலோடு நில்லுங்கள்.

ஐடில் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைத்தாலும் இதே அறிகுறிதானே?

ஆமாம், சோக் சோதனையும் அதே பதிலைத்தான் தரும். எல்லா முனைகளையும் மூடி, தண்ணீரும் தெளித்துப் பார்த்து, எதுவும் மாறவில்லையென்றால் அப்போது ஜெட்டைச் சந்தேகியுங்கள். ஐடில் பெட்ரோலைத் திறந்து மூடும் சொலினாய்டு உள்ள கார்புரேட்டர் என்றால், சாவியைத் திருப்பும்போது "டிக்" சத்தம் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வயர் கழன்றிருந்தாலே ஐடிலிங் போய்விடும்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் என்ன வித்தியாசம்?

சென்சார் வகையைப் பொறுத்தது. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருந்தால், லீக்கால் அழுத்தம் கூடுவதை அது பார்க்கிறது, கணினி பெட்ரோலையும் கூட்டிவிடுகிறது. அதனால் எஞ்சின் தடுமாறுவதைவிட ஐடிலிங் ஏறி நிற்பதே அதிகம். வரும் காற்றை வாசலிலேயே அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், அதற்குப் பின்னால் புகும் காற்று கணக்கில் வராது, கலவை மெலியும். அந்த வண்டிகளில் ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் வரை உள்ள நெளிநெளி ரப்பர்க் குழாயை விரித்து, மடிப்புக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டிக் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வேலை செய்யும் வண்டியென்றால் ஃப்யூவல் ட்ரிம்மை, அதாவது கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐடிலிங்கில் கூட்டல் 15, 20 சதவீதம் காட்டி, 2,500 சுற்றுக்கு ரேஸ் பண்ணியதும் பூஜ்யத்தை நெருங்கினால் அது லீக். இங்கே ஓபிடி கட்டாயமானது 2010 ஏப்ரலில், பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளிலிருந்துதான். அதற்கு முந்தைய பல வண்டிகளில் சாதாரண ஸ்கேனர் பேசாது. பழைய முறைகளே கை கொடுக்கும்.

எல்பிஜி கிட் போட்ட வண்டி?

கிட் பொருத்தும்போது மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் எடுத்திருக்கலாம், கார்புரேட்டர் மேல் மிக்சர் வைத்திருப்பார்கள். அந்த இணைப்புகளையும் உங்கள் படத்தில் சேருங்கள். கேஸ் பக்கக் குழாய்களில் கை வைக்க வேண்டாம். அங்கே கசிவைப் பார்க்க சோப்புத் தண்ணீர் மட்டுமே, கழற்றுவதும் பூட்டுவதும் அனுமதி பெற்ற கிட் மையத்தின் வேலை.

இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் என் வண்டி இப்படி ஆனது. தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பலர் நினைக்கும் விதத்தில் அல்ல. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று விகிதம் சுமார் 13.5தான். பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட் அதே அளவு எரிபொருளைத்தான் தரும், எனவே கலவை தானாகவே மெலிகிறது. முன்பு வண்டி பொறுத்துக்கொண்ட சின்ன லீக் இப்போது வெளியே தெரிகிறது. லீக்கை அடைத்தபிறகு மிக்சர் ஸ்க்ரூவைச் சிறிது கூட்டினால் ஐடிலிங் பெரும்பாலும் நிற்கும்.

பழைய ரப்பரை எத்தனால் கெடுப்பது பெட்ரோல் ஓடும் ஹோஸ்களில். வேக்குவம் ஹோஸ்களைக் கெடுப்பது பெரும்பாலும் சூடும் எண்ணெயும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது நல்லது. பெட்ரோல் ஹோஸ் கசிந்தால் ஐடிலிங் பிரச்சினை அல்ல, தீ.

எந்த ஹோஸ் வாங்க வேண்டும்? எம்-சீல் போட்டு அடைக்கலாமா?

பழைய ஹோஸில் ஒரு துண்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். உள்விட்டம் சரியாக இருக்க வேண்டும். கிளிப் போட்டு இறுக்கிக்கொள்ளலாம் என்று பெரிதாக வாங்காதீர்கள். சின்ன வேக்குவம் இணைப்புகளுக்குப் பெட்ரோல் ஹோஸ் போடலாம். வேக்குவம் ஹோஸைப் பெட்ரோலுக்குப் போடக் கூடாது. பூஸ்டருக்கு உள்ளே நூல் வலை உள்ள, உறிஞ்சினால் சப்பிப்போகாத ஹோஸ்தான் வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் எஞ்சின் சூட்டில் முதலில் இளகி, பிறகு விறைத்துவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. சாலைக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

எம்-சீல், டேப் எல்லாம் வழியில் நின்றுபோனால் வீடு வந்து சேரும்வரைக்கு. பேக்கிங்கில் பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலே சீலன்ட் பூசினால் பிதுங்கியது உள்ளே போய் ஜெட்டை அடைக்கும்.

லீக்கை அடைத்ததும் ஐடிலிங் எக்குத்தப்பாக ஆகிவிட்டதே?

ஆகத்தான் செய்யும். லீக்குக்கு ஈடாக முன்பு திருப்பிய ஸ்க்ரூக்கள் இன்னும் அதே இடத்தில் இருக்கின்றன. இப்போதுதான் அவற்றைத் தொட வேண்டிய நேரம். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்க உள்ளே, ஏசியும் விளக்குகளும் ஆஃப். முதலில் ஐடில் ஸ்க்ரூவைக் கையேட்டில் உள்ள சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைப் பிடியுங்கள். ஏறிய ஐடிலிங்கை மறுபடி குறையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நின்றுவிடும். பிறகு புகைச் சோதனை மையத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள், பழைய சீட்டோடு ஒப்பிட.

டீசல் வண்டிக்கும் இது பொருந்துமா?

பழைய டீசல்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. த்ராட்டில் இல்லாததால் மேனிஃபோல்டில் வேக்குவம் கிடையாது. பிரேக்குக்குத் தனி வேக்குவம் பம்ப் இருக்கும், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே. பூஸ்டர் சோதனை மட்டும் அப்படியே பொருந்தும்.

எல்லாம் பார்த்துவிட்டேன், கேஜ் இன்னும் 14தான் காட்டுகிறது. வேறு என்ன?

முதலில் இக்னிஷன் டைமிங்கையும் டேப்பெட் இடைவெளியையும் சரிபாருங்கள். டேப்பெட் இறுக்கமாக இருந்து வால்வு முழுக்க மூடாவிட்டாலும் முள் தாழ்ந்துதான் நிற்கும். அப்புறம் கம்ப்ரெஷன். மூன்றோ நான்கோ சிலிண்டர்களில் ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால் அது வால்வு வேலை. தேய்ந்த இன்டேக் வால்வு கைடு வழியாகவும் காற்று புகும்; ஆனால் அது எஞ்சின் மூடிக்குள் நடப்பதால் எந்த ஸ்ப்ரேயும் காட்டாது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து திரும்ப மிதிக்கும்போது நீலப் புகை ஒரு கொத்து வந்தால் அதுதான். ஹெட்டைக் கழற்றி, கைடும் வால்வு சீலும் மாற்ற வேண்டும். இந்த எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நீங்கள் நம்பும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவருக்கு அரைநாள் வேலை மிச்சம், உங்களுக்கு மூன்றாவது கார்புரேட்டர் சர்வீஸ் மிச்சம்.